சங்கு ஊதியும் நான் போகாத நாள்

சங்கு ஊதியபோது என் வலது காலில் ஷூ ஏறியிருந்தது. இடது கால் வெறுங்காலாகச் சிமெண்டுத் தரையில் விறைத்துக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே புல் முழுக்க வெள்ளை. கேரட் பாத்தியிலும் வேலிக் கம்பியிலும் யாரோ உப்புத் தூள் தூவிவிட்டுப் போனதுபோல் பனி உறைந்து கிடந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், டீ ஃபேக்டரியின் தகரக் கூரை மேலிருந்து சங்கு நீளமாக ஒரு மூச்சு ஊதி ஓய்ந்தது. முப்பத்துநாலு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் என் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். அன்றைக்கும் கிளம்பப் பார்த்தன.

"எங்க கிளம்பியாச்சு?"

சமையல்கட்டு வாசலில் என் மனைவி பவளம் நின்றிருந்தாள். தலையில் மப்ளர், கையில் ஊதுகுழல்.

"எங்கயும் இல்ல புள்ள. ஷூ இன்னும் காலுக்குச் சேருதான்னு பார்த்தேன்."

"ஒரு காலுக்குச் சேர்ந்தா இன்னொரு காலுக்கும் சேரும். கழட்டி வைங்க."

கழற்றி வைத்தேன். ஓய்வு பெற்று அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் ஃபேக்டரிக் கதை. மெஷின் பெல்ட் அறுந்த கதை, மழையில் லாரி பள்ளத்தில் இறங்கிய கதை, போன வாரம் எழுதிய சிறுத்தை வந்த கதை. படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். 'ஐயா, உங்களுக்கு வீடு என்று ஒன்று உண்டா இல்லையா?' சுருக்கென்றது. உண்டு அம்மா. நீலகிரியில், பிக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு சரிவில், இரண்டு அறையும் சமையல்கட்டுமாக இருக்கிறது. ஆனால் அதற்குள் நான் போய்ச் சேர்ந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தேவாலாவிலிருந்து ஒரு போன்

நான் டீ மேக்கராக இருந்தவன். பச்சை இலை ஃபேக்டரிக்குள் வந்து வாடி, அரைபட்டு, புளித்து, சூட்டில் காய்ந்து தூளாகிற வரைக்கும், எந்த இலையை எப்போது அடுத்த இடத்துக்கு அனுப்புவது என்று சொல்கிறவன் டீ மேக்கர். மூக்கும் நாக்கும்தான் அவன் பிழைப்பு. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பிடி இலையை முகர்ந்தால், நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பாதி உண்மை. மீதி, எதிரே நிற்கிறவர்களின் பயம்.

ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் நான் 'மேக்கரண்ணா'தான். அது போதவில்லை எனக்கு. ஏழு மாதமும் தினமும் காலைச் சங்குக்கு எழுந்து, ஷூவை மாட்டி, பள்ளத்தில் இறங்கி ஏறி, ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே போக எனக்கு வேலை இல்லை. வெளியே இருந்து வாசனை பிடிப்பேன். போகிற வருகிறவர்களிடம், "இன்னிக்கு இலை கொஞ்சம் முத்தல் போல இருக்குதே" என்பேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பொழுது சாயும்போது வீடு திரும்புவேன்.

எனக்குப் பயம். இப்போது எழுதுகிறபோது வெட்கமில்லாமல் சொல்லலாம். அந்தச் சத்தமும் அந்தச் சூடும் இல்லாமல் ஒரு பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால், நான் யாரும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிடும் என்று பயம்.

அப்படி இருக்கும்போதுதான், நான் சொல்கிற நாளுக்கு முந்தின மாலை போன் வந்தது. தேவாலாவில் சொந்தமாக ஒரு சின்ன டீ ஃபேக்டரி வைத்திருக்கும் மலையாளி முதலாளி.

"எந்தா மேக்கரே, சும்மா வீட்டில இருந்து எந்து செய்யும்? இவிட வா. குவாட்டர்ஸ் ரெடி. மூணு வருஷம் இருந்தா மதி. நாளைக்கு சாயங்காலம் ஞான் போன் விளிக்கும். அப்ப ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா வேற ஆளை எடுக்கும்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த நிமிஷமே சரி என்றிருப்பேன். பவளம் எதிரே முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றதைப் பார்த்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த ஏழு மாசத்துல ஒரு நாள் முழுசா இந்த வீட்டுல இருந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை இருந்தேனே."

"ஞாயித்துக்கிழமை பெட்டிக்கடை லீவு. அதனால தூங்குனீங்க. நீங்க முழிச்சிட்டு இருந்த நாளைக் கேக்கறேன்."

நான் முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டேன்.

"நாளைக்கு ஒரு நாள் இருங்க. நம்ம வீட்டு கேட்டைத் தாண்டக் கூடாது. ஃபேக்டரிக்குப் போன் போடக் கூடாது. சாயங்காலம் அவரு போன் பண்றப்பவும் போகணும்னு தோணுச்சுன்னா நானே பெட்டி கட்டறேன். நானும் கூட வர்றேன்."

"நடுவுல கேட்டைத் தாண்டிட்டா?"

"இந்த வீடு உங்களுக்கு வேண்டியதில்லன்னு எடுத்துக்குவேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? அப்பவே பெட்டி கட்டிரலாம்."

சொல்லிவிட்டு மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள். ஒரு நாள் வீட்டில் உட்காருவது பெரிய வித்தையா என்று நினைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் துப்பியது

பவளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவள். அங்கேயும் தேயிலைத் தோட்டம், இங்கேயும் தேயிலைத் தோட்டம். டீயை அவள் இன்றைக்கும் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள்.

நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோது டீ ருசி பார்க்கும் மேஜைக்கு என்னை மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டீ ருசி பார்ப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து உர்ரென்று ஊர் கேட்கிற மாதிரி உறிஞ்ச வேண்டும். வாய்க்குள் நாலு பக்கமும் உருட்ட வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும். வரிசையாக இருபது கிண்ணம் இருக்கும். எல்லாவற்றையும் விழுங்கினால் வயிறு என்ன ஆகும்?

அவர்கள் இருந்தது தோட்டத்து லைன் வீடு. ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. பவளம் டீயைக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். நான் டம்ளரை வாயில் வைத்தேன். உர்ரென்று ஒரு உறிஞ்சு. உருட்டினேன். எழுந்தேன். கதவைத் திறந்து வாசலில் துப்பிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவே இல்லை. என் அம்மா தொடையில் கிள்ளிய பிறகுதான் தெரிந்தது. பவளத்தின் அப்பா முகம் கறுத்துவிட்டது. அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தேத்தண்ணி சரியில்லாட்டி சொல்லச் சொல்லுங்க. துப்பத் தேவையில்ல."

"ஐயோ, இல்லீங்க," என்றேன். "டீ நல்லாருக்குதுங்க. நல்லாருந்தாலும் துப்பறதுதானுங்க எங்க வேலை."

முதலில் சிரித்தது அவள் அப்பாதான். தேயிலையில் பிழைத்தவருக்கு அது புரிந்தது. கல்யாணம் நடந்தது. ஆனால் பழக்கம் நின்றதா என்றால் இல்லை. குவாட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க, பவளம் டீ கொடுத்தால் முதல் வாயைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, "இன்னிக்குக் கொதி அதிகம்" என்றோ "தூள் பழசு" என்றோ தீர்ப்புச் சொல்வேன். மீதியைக் குடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். டம்ளர் அப்படியே நிற்கும், நான் ஓடிவிடுவேன்.

அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு ரோஜாச் செடி இருந்தது. தோட்டத்திலேயே அவ்வளவு பெரிய பூ யார் வீட்டிலும் பூக்காது. குவாட்டர்ஸைக் காலி செய்தபோது பவளம் அதில் ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு வந்து, புது வீட்டிலும் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் கீழே நட்டாள். ஏன் அங்கே என்று கேட்டேன். "உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான்" என்றாள்.

நாலு இடத்து நாற்காலி

சங்கு ஊதி முடிந்தது. ஷூ கழன்றது. அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐந்து. மறுபடி பார்த்தேன். ஏழு ஏழு.

பவளம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குள் போனாள். கிழக்கு ஜன்னல் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்காரவும், எதிர்மலை மேல் சூரியன் ஏறி அவள் மடியில் வெயில் விழவும் சரியாக இருந்தது.

நீலகிரிப் பனிக்காலத்தில் நிழல் ஒரு ஊர், வெயில் இன்னொரு ஊர். நிழலில் காது விறைக்கும். ஓர் அடி தள்ளி வெயிலுக்கு வந்தால் முதுகு சுடும். நானும் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

ஒன்பது மணிக்கு அங்கே வெயில் போய்விட்டது. அவள் எழுந்து நாற்காலியோடு முன்வாசல் படிக்குப் போனாள். அங்கே வெயில் காத்திருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

"அடுத்து எங்க?" என்று கேட்டேன்.

"பதினொண்ணுக்கு மேல வேலியோரம். ரெண்டு மணிக்குப் பின்பக்கம், துவைக்கிற கல்லுகிட்ட. அங்கதான் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

"எல்லாம் கணக்கா வெச்சிருக்கறயே."

"வீடு கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பனிக்காலம் இந்த மண்ணுல வந்து நின்னு பார்த்தேனே. எங்க வெயில் விழுதோ அங்க ஜன்னல் வைக்கச் சொன்னேன். மேஸ்திரி என்னைத் திட்டிக்கிட்டேதான் கட்டினாரு."

எனக்கு இது தெரியாது. வீடு கட்டும்போது நான் வந்து பார்த்தது மூன்று தடவை. மூன்று தடவையும் சிமெண்ட் வாசனை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஃபேக்டரிக்குத் திரும்பினேன்.

பத்து மணிக்கெல்லாம் என் கை ஊர ஆரம்பித்தது. சமையல்கட்டுக்குள் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். டீத்தூளுக்குப் பக்கத்தில் பெருங்காயம்.

"ஏம்புள்ள, டீத்தூள் வாசனையை இழுக்கும்னு உனக்குத் தெரியாதா? பெருங்காயத்தைப் பக்கத்துல வெச்சா என்ன ஆகறது?"

"முப்பது வருசமா பக்கத்துலதான் இருக்கு. இன்னிக்குத்தான் சண்டை போட்டுக்குதா?"

அடுப்பில் விறகு அதிகம் என்றேன். கம்பளியை மடிக்கும் முறை தப்பு என்றேன். அவள் எழுந்து ஒரு கூடை அவரைக்காயைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள்.

"உரிங்க. பேசாம உரிங்க."

உரித்தேன். பெரிய பெரிய அவரை, ஊட்டிப் பக்கத்து அவரை. ஓட்டைப் பிளந்தால் உள்ளே வழவழவென்று ஈரமாக நாலு பருப்பு உட்கார்ந்திருக்கும். முதல் கூடையில் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது கூடையில் கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தேன்.

கருகல் வாசனை

பவளம் அவரைக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, கம்பளிகளை அள்ளிக்கொண்டாள். வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் போட்டால்தான் குளிர் வாடை போகும் என்பது அவள் கட்சி.

"தண்ணி சுண்டினா ஒரு சொம்பு ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

நான் வேலியோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காற்று பள்ளத்திலிருந்து மேலே வீசிக்கொண்டிருந்தது. சட்டென்று மூக்கில் ஒரு வாசனை ஏறியது.

கருகல்.

எழுந்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷ மூக்கு ஏமாறுமா? எதிரே ஃபேக்டரியைப் பார்த்தேன். எனக்குப் பிறகு வந்த புது மேக்கர் சின்ன வயசுக்காரர், அவசரக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். குளிர்காலத்து ஈர இலை காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதற்குப் பயந்து ட்ரையர் சூட்டை ஏற்றிவிட்டார். வெளிப்பக்கம் கருகி உள்ளே வேகாமல் கிடக்கிறது. எனக்கு எல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. எவ்வளவு சூடு கூடியிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. இன்னும் கால் மணி நேரம் விட்டால் ஒரு நாள் உழைப்பு முழுக்க நாசம்.

போன் போடக் கூடாது. கேட்டைத் தாண்டக் கூடாது. கேட் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு தவித்தேன். என்னுடைய ஃபேக்டரி எரிந்துகொண்டிருக்கும்போது நான் அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று அழுகை வந்தது. அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது. சாயங்காலம் தேவாலா முதலாளியிடம் என்ன சொல்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, இலை மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. பக்கத்துப் படுகர் கிராமமான ஹட்டியைச் சேர்ந்த போஜன்தான் டிரைவர். கேட்டை ஒட்டி நிறுத்தினான்.

"மேக்கரண்ணா, ஃபேக்டரிக்கா? ஏறுங்க."

தாழ்ப்பாள் எப்படித் திறந்தது என்று தெரியாது. என் வலது கால் வண்டிப் படியில் ஏறியிருந்தது. இடது கால் இன்னும் கேட்டுக்கு உள்ளே இருந்தது.

"சீக்கிரம் போ போஜா. ட்ரையர்ல இலை கருகுது. வாசனை வரலையா உனக்கு?"

போஜன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அண்ணா, இன்னிக்கு ட்ரையர் இன்னும் போடவே இல்லீங்களே. ராத்திரி அடிச்ச குளிருக்கு இலை வாடவே இல்லையாம். மத்தியானத்துக்கு மேலதான் மெஷினே ஓட்டுவாங்களாம்."

பனி விழுந்த ராத்திரிக்கு மறுநாள் இலை வாட நேரம் பிடிக்கும். ட்ரையர் தாமதமாகத்தான் ஓடும். இதை முப்பத்துநாலு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

"அப்ப இந்தக் கருகல்?"

போஜன் என் தோளுக்கு மேலே கையை நீட்டினான்.

"உங்க ஊட்டு ஜன்னல்ல இருந்துதானுங்க புகை வருது."

ஓடினேன். அந்த வயசில் அப்படி ஓடியது எனக்கே ஆச்சரியம். குழம்பு அடிபிடித்து, பாத்திரம் கரிக்கட்டையாகி, சமையல்கட்டு முழுக்கப் புகை. இரண்டு மைலுக்கு அப்பால் எரியாத ட்ரையரை அணைக்கக் கிளம்பினவன், பத்தடியில் எரிந்த குழம்பைக் கோட்டை விட்டேன்.

பவளம் இறங்கி வந்தபோது நான் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றிருந்தேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வரவில்லை. ஏதோ இறங்கிப்போனது.

"தாண்டிட்டீங்களா?"

"ஒரு கால்தான்."

"எந்தக் கால்?"

"வலது."

"இடது?"

"உள்ளதான் புள்ள இருந்துச்சு. சத்தியமா. போஜனை வேணும்னாலும் கேட்டுக்க."

ரொம்ப நேரம் யோசித்தாள். அவ்வளவு நேரம் ஒரு ஜட்ஜ்கூட யோசித்திருக்க மாட்டார். அவள் 'இருங்க' என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. காலையில் அப்படி இருக்கவில்லை.

"சரி. அந்த இடது காலுக்காக விடறேன்," என்றாள்.

சுவரில் அடித்த ஆணிகள்

மேலோட்டமாக எடுத்த குழம்பைக் களிக்கு ஊற்றிச் சாப்பிட்டோம். லேசாகக் கருகல் ருசி இருந்தது. நான் இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு பின்பக்கம், துவைக்கும் கல்லருகே, பாத்திரத்தோடு உட்கார்ந்தேன். கேட்காமலேதான் உட்கார்ந்தேன். சாம்பல், மணல், தேங்காய் நார். பின்னால் ரோஜாச் செடி, முதுகில் வெயில். பவளம் சொன்னது சரி, ரெண்டு மணிக்கு வெயில் அங்கே வந்திருந்தது. ஒரு வட்டம் தேய்த்தால் ஒரு விரல் அகலம் வெள்ளையாகும். இன்னொரு வட்டம், இன்னொரு விரல். தூரத்தில் யாரோ கேரட் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம். என் மூக்கு நுனியில் வியர்வை. குளிர்காலத்தில் வியர்ப்பது ஒரு சுகம்.

"பவளம், தேவாலா வேண்டாம்னு நீ நேராவே சொல்லிருக்கலாமில்ல?"

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே பேசினாள்.

"எங்கம்மா இலங்கையில தோட்டத்து லயத்துல இருந்தாங்க. நான் லைன்ல வளர்ந்தேன். உங்களைக் கட்டிக்கிட்டு குவாட்டர்ஸ்ல இருந்தேன். சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கணும்னாகூட ஆபீசுல கேக்கணும். ஞாபகம் இருக்கா? சுவரு கெட்டுப்போகும்னு ஒரு தடவை வேண்டாம்னுட்டாங்க. படத்தைப் பெட்டி மேல சாய்ச்சே வெச்சிருந்தேன்."

ஞாபகம் இருந்தது. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

புது வீட்டுக்குக் குடி வந்த அன்று பவளம் செய்த முதல் வேலை ஆணி அடித்தது. பால் காய்ச்சிய கையோடு சுத்தியலை எடுத்தாள். சாமி படத்துக்கு, காலண்டருக்கு, முறத்துக்கு, குடைக்கு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒன்று. எதையும் மாட்டாத ஆணிகூட இரண்டு மூன்று உண்டு. புதுச் சுண்ணாம்பைப் பாழாக்குகிறாயே என்று அன்றைக்கு நான் கத்தினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொன்று அடித்தாள்.

"அத்தனை ஆணியையும் புடுங்கிக்கிட்டு இனியும் ஒரு குவாட்டர்ஸுக்கு வர எனக்கு மனசு இல்ல," என்றாள். "ஆனா நீங்க இல்லாம இங்க இருக்கவும் மனசு இல்ல. அதான் ஒரு நாள் கேட்டேன்."

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கியது. புகையால் என்று சொல்லலாம், ஆனால் புகை போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பாத்திரம் பளபளத்தது. வாங்கின அன்றைக்குக்கூட அப்படிப் பளபளத்திருக்காது. தூக்கிப் பிடித்தேன், அதில் வெயில் பட்டுச் சுவரில் ஒரு வட்டம் ஆடியது. ஃபேக்டரியில் எத்தனையோ நல்ல டீ போட்டிருக்கிறேன். எல்லாம் மூட்டையாகி லாரி ஏறிப் போய்விடும், யார் குடித்தார்கள் என்று தெரியாது. இந்தப் பாத்திரத்தை என் கையால் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டினேன். அது அங்கேயேதான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"பவளம், ஒரு ஆணி இருக்குதா?"

"எதுக்கு?"

"இருக்குதா சொல்லு."

கதவுக்குப் பக்கத்தில் அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவது ஆணி ஏறியது. ஷூ இரண்டையும் கயிறு சேர்த்து முடிச்சுப் போட்டு அதில் மாட்டினேன். பவளம் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

முதல் வாய்

டீ வந்தபோது வெயில் ரோஜாச் செடியின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் பின்பக்கமே உட்கார்ந்திருந்தோம்.

டம்ளரை வாயில் வைத்தேன். உர்ரென்று உறிஞ்சினேன். வாயில் உருட்டினேன். கழுத்து தானாக ரோஜாச் செடிப் பக்கம் திரும்பியது.

பவளம் என்னைப் பார்க்கவில்லை. தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போன நாளிலிருந்து எத்தனை ஆயிரம் முதல் வாய் துப்பியிருப்பேன்? ஒன்றைக்கூட விழுங்கினதில்லை.

விழுங்கினேன்.

சூடாக இறங்கியது. இஞ்சி தூக்கல். கொதி அதிகம். பால் டீயை அமுக்கிவிட்டது. அடியில் எங்கேயோ பெருங்காயம். என் மேஜைக்கு வந்திருந்தால் அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவைத்திருப்பேன். இரண்டாவது வாய் குடித்தேன். மூன்றாவது குடித்தேன். நெஞ்சுக்கூடு முழுக்கச் சூடு பரவியது. வாழ்நாளில் குடித்த டீயிலேயே நல்ல டீ அதுதான். டீ மேக்கராகச் சொல்கிறேன், என் தீர்ப்பை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

போன் அடித்தது. பவளத்தின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"மேக்கரே, எந்தா தீருமானம்? வருமல்லே?"

"வரலீங்க."

"எந்தா? உடம்புக்கு வல்லதும்?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. வேலையா இருக்கறனுங்க."

"வேலையோ? அதாரு எனக்கு முன்னாடி எடுத்தது? எந்து வேலை?"

கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

"டீ குடிச்சிட்டு இருக்கறனுங்க. பாதிதான் ஆயிருக்குது."

அந்தப் பக்கம் மனுஷர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். போனை மடியில் வைத்துவிட்டு மீதியைக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து அவளுக்குக் காட்டினேன். போட்டியில் ஜெயித்த கப்பைக் காட்டுகிறவனைப்போல்தான் காட்டினேன். ஜெயித்துத்தான் இருந்தேன்.

"எப்படி இருக்கு தேத்தண்ணி?" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"இன்னொரு டம்ளர் இருக்குதா?"

பவளம் எழுந்தாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீயும், ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்தாள். டீயை என் கையில் கொடுத்தாள்.

குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஃபேக்டரிப் பக்கமிருந்து ஆட்கள் கும்பலாக மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன புள்ள, அதுக்குள்ள எல்லாரும் ஊடு திரும்பறாங்க? சாயங்காலச் சங்கு இன்னும் ஊதலையே."

"அது ஊதி அரை மணி நேரம் ஆச்சு," என்றாள் பவளம், குனிந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.